அட்வைஸில் சி வருமா, எஸ் வருமா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்:

பத்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் இந்தக் குழப்பம் கண்ணில் படும். ‘அறிவுரை’ என்று பெயர்ச்சொல்லாக வரவேண்டிய இடத்தில் எஸ் போட்ட அட்வைஸ் நிற்கும். ‘அறிவுரை கூறினார்’ என்ற இடத்தில் சி போட்டது நிற்கும். ஒலியை வைத்துக் கண்டுபிடி என்றுதான் இலக்கணப் புத்தகங்கள் சொல்கின்றன. பெயரின் கடைசி ஒலி வெறும் காற்று. வினையின் கடைசி ஒலியில் தொண்டை அதிரும். டிவைஸுக்கும் அப்படியே.

இந்த வழி நம் பிள்ளைகளுக்கு உதவுவதே இல்லை. அந்த அதிரும் ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. வீட்டிலும் கடைத்தெருவிலும் அவர்கள் கேட்பது ஒரே ‘அட்வைஸ்’தான். காதில் வேறுபடாத ஒன்றை எழுத்தில் வேறுபடுத்து என்றால் பிள்ளை என்ன செய்யும்?

விடை ஒரு மாணவியிடமிருந்து வந்தது. “மிஸ், பேசு, பேச்சு மாதிரியா?” என்றாள். வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய பிள்ளை. அவள் சொன்னதைக் கரும்பலகையில் அதே பாணியில் எழுதிப் பார்த்தோம். பேசு, வீசு, பூசு, ஏசு: வினைகள் எல்லாவற்றிலும் எஸ். பேச்சு, வீச்சு, பூச்சு, ஏச்சு: பெயர்கள் எல்லாவற்றிலும் சி. அட்வைஸ், டிவைஸ், பிராக்டிஸ், லைசென்ஸ் நான்கும் அந்த வரிசையில் அப்படியே வந்து உட்கார்ந்தன. இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு ஏதுமில்லை, தற்செயல்தான். ஆனாலும் இவ்வளவு அழகாகப் பொருந்தும் ஒரு நினைவுக்குறிப்பை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. இப்போது சந்தேகம் வந்தால் பிள்ளைகளே “இது பேசா, பேச்சா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

மருத்துவர், கோவை:

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் டீச்சர். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிராக்டிஸும் லைசென்ஸும் பிரிட்டிஷ் முறையில்தான் இப்படி வரும்.

எங்கள் துறையில் பிரிட்டன் போகிறவர்களும் உண்டு, அமெரிக்கா போகிறவர்களும் உண்டு. பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால் மட்டும் போதாது. ‘லைசென்ஸ் டு பிராக்டிஸ்’ என்ற உரிமமும் வேண்டும். 2009இல் வந்த ஏற்பாடு இது. இந்தத் தொடரில் முதல் சொல் பெயர், அதனால் சி. அடுத்தது வினை, அதனால் எஸ். அமெரிக்காவில் லைசென்ஸ் என்றால் பெயரோ வினையோ எஸ்தான்; பிராக்டிஸ் என்றால் எதுவானாலும் சிதான். ஆக அதே தொடரை அங்கே எழுதும்போது இரண்டு சொற்களிலும் எழுத்து தலைகீழாகிவிடும்!

அட்வைஸிலும் டிவைஸிலும் அமெரிக்கர்கள் கைவைக்கவில்லை. அங்கே பெயருக்கும் வினைக்கும் ஒலியே வேறு. ஒலி ஒன்றாக இருக்கும் ஜோடிகளில்தான் எழுத்தையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

என் ஜூனியர் ஒருவர் லண்டனுக்கு அனுப்ப வைத்திருந்த கடிதத்தைப் பார்க்கச் சொன்னார். அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கணினியின் மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. அதை நம்பி எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார். கடிதம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த ஆங்கிலத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு கோட்டைப் பாருங்கள்.

வழக்கறிஞர், மதுரை:

எங்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு தொழில் செய்யும் உரிமையைச் சொல்கிறது. அங்கே பிராக்டிஸ் வினை, எஸ். பார் கவுன்சில் தரும் ‘சர்டிஃபிகேட் ஆஃப் பிராக்டிஸ்’ பெயர், சி. புதிதாக வரும் ஜூனியர்களிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

அதைவிட நல்ல உதாரணம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். ‘டிரைவிங் லைசென்ஸ்’ என்பதில் சி. அதை வழங்கும் ‘லைசென்சிங் அத்தாரிட்டி’ என்பதில் எஸ். ஒரே சட்டத்தில் இரண்டு எழுத்தா என்று ஒரு கட்சிக்காரரே கேட்டார். அச்சுப் பிழை இல்லை. லைசென்சிங், லைசென்ஸ்டு, லைசென்சி மூன்றும் வினையிலிருந்து பிறந்தவை, அதனால் எஸ்.

பிசியோதெரபிஸ்ட், திருச்சி:

எங்கள் பக்கம் சி, எஸ் தகராறு இல்லை. மூச்சுதான்! ‘ப்ரெத்’ பெயர், கடைசியில் ஒரு இ சேர்த்தால் ‘ப்ரீத்’, வினை. நோயாளிகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளில் ‘மெதுவாக மூச்சு விடுங்கள்’ என்ற வரியில் அந்த இ விடுபட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் டீச்சர் சொன்ன காதுப் பிரச்சினை இங்கே கிடையாது. எகரம் ஈகாரமாக நீள்வது தமிழ்க் காதுக்கு நன்றாகவே கேட்கும். அதனால் எழுதும் முன் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். ‘ப்ரீ’ என்று நீண்டால் இ போட வேண்டும். குளியலைக் குறிக்கும் பாத், பேத் இணைக்கும் இதே வழி செல்லும். துணியைக் குறிக்கும் க்ளாத், உடுத்துவதைக் குறிக்கும் க்ளோத் இரண்டுக்கும்கூட.