மறு: அட்மாஸ்ஃபியர் - சினிமாவுக்கு ‘கவிவு’ன்னு வச்சா என்ன?

வணக்கம் நண்பர்களே,

சினிமாவப் பத்தி எழுதும்போது ‘அட்மாஸ்ஃபியர்’ங்கறதுக்கு, அதாவது படம் பாக்கறப்ப நம்மளச் சூழ்ந்துக்குற அந்த உணர்வுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு இங்க பேசிட்டிருக்கோம். அதுக்கு வந்த வளிமண்டலம், சூழல், இருட்சூழல் மூணையும் வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் ஒட்டல. "இந்தப் படத்தோட வளிமண்டலம் மூச்சு முட்ட வைக்குது"ன்னு ஒரு விண்வெளிப் படத்தப் பத்தி எழுதினா படிக்கிறவங்க அந்தக் கிரகத்துல ஆக்ஸிஜன் கம்மின்னுதான் எடுத்துக்குவாங்க. சூழல்ங்கற சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை குடுத்தாச்சு.

செட்டிங்குக்கு, அதாவது கதை நடக்கிற இடத்துக்கும் காலத்துக்கும், ‘களம்’ போதும்ங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அட்மாஸ்ஃபியர் அது இல்லீங்க. பிளேடு ரன்னர் (1982) படத்த எடுத்துக்குங்க, களம் 2019 லாஸ் ஏஞ்சலஸ், தெருக் காட்சிகள் நிறைய எடுத்தது ஸ்டுடியோவுக்குள்ள இருந்த ஒரு பழைய தெரு செட்டுல, அதுவும் ராத்திரியில மழையும் புகையும் விட்டு, செட்டுங்கறது தெரியாம மறைக்கவும் அது உதவிச்சு. அதே தெருவ மழைய நிறுத்திட்டு உச்சி வெயில்ல பாத்தா களம் அப்படியேதான் இருக்கும், ஆனா ஒண்ணு போயிடும் பாருங்க, அந்த ஒண்ணுக்குத்தான் நாம பேர் தேடறோம்.

ஏலியன் (1979) படத்துல பூனையத் தேடிப்போற ஆள் ஒரு பெரிய அறைக்குள்ள வருவார், மேலேர்ந்து சங்கிலியாத் தொங்கும், லேசா கிணுகிணுங்கும், சொட்டுற தண்ணிய அவர் முகத்துல வாங்கிக்கிட்டு ஒரு நிமிஷம் நிப்பார். இன்னும் ஒண்ணுமே நடக்கல, நமக்கு மட்டும் வயித்தப் பிசையும்.

இருட்சூழல் ஏன் வேணாம்னா, ஸ்டாக்கர் (1979) படத்துல வெளியுலகம்தான் பழுப்பேறிக் கிடக்கும், ‘மண்டலம்’னு சொல்ற ஆபத்தான பகுதிக்குள்ள போனதும் கலர் வந்துடும், பச்சைப் புல்வெளி, பகல் வெளிச்சம். போல்ட்டுல மாட்டுற இரும்பு நட்டுல துணிய முடிஞ்சு முன்னாடி எறிஞ்சு பாத்துத்தான் அடி எடுத்து வைப்பாங்க, அத பாத்ததும் அந்தப் புல் மேலயே நமக்கு நம்பிக்கை போயிடும். அங்க இருட்டு எங்க இருக்கு?

பழைய தமிழ்ப் பொருளிலக்கணத்துலேர்ந்து முதற்பொருள்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, அருமையான யோசனை, ஆனா நிலமும் பொழுதும்னா அது திரும்ப களத்துக்குத்தான் வந்து நிக்குது. அதே இலக்கணத்துல வர்ற உரிப்பொருளோ மாந்தரோட உணர்வு. எனக்கு வேண்டியது நிலத்து மேலேயும் ஆள் மேலேயும் ஒண்ணா வந்து படியற ஒண்ணு.

அதனால ‘கவிவு’. இருள் கவிஞ்சது, மேகம் கவிஞ்சது, சோகம் கவிஞ்சதுன்னு வானத்துக்கும் மனசுக்கும் ஒரே வினைய நாம ஏற்கெனவே பேசிட்டுதான் இருக்கோம். "மழையும் நியானும் சேர்ந்து உண்டாக்குற கவிவு", "ஒரு தேவையில்லாத பின்னணி இசை கவிவக் கலைச்சிடுச்சு" - ரெண்டும் எனக்கு இயல்பா வருது. கவிஞர், கவிதைன்னு குழம்பும்னு யாராவது சொல்வீங்க, தனியா தலைப்புல வந்தா குழம்பலாம்தான், அங்க மட்டும் ‘சூழ்கவிவு’ன்னு போட்டுக்கலாம்.

அட்மாஸ்ஃபெரிக்னு பெயரடையா வர்ற எடத்துக்குத்தான் இன்னும் சரியா அமையல. ‘கவிவார்ந்த’ன்னு எழுதிப் பாத்தேன், வாய்ல நிக்கல, ‘கவிவுள்ள’ சப்புன்னு இருக்கு. இலக்கணம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.