சலாரியம்: உரோமப் படைவீரன் உப்பையா கூலியாக வாங்கினான்?

வழிப்போக்கன்:
உரோமப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்து கொடுத்தார்கள் என்றும், அதிலிருந்து பிறந்த சலாரியம் என்ற இலத்தீன் சொல்லே இத்தாலியிலும் எசுப்பானியத்திலும் சலாரியோ, பிரெஞ்சில் சலேர், ஆங்கிலத்தில் சாலரி என வழங்குகிறது என்றும் நேற்று எழுதியிருந்தேன். தென்கரை அதைக் 'கட்டுக்கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் பிளினியே தமது இயற்கை வரலாற்றின் 31ஆம் நூலில் இதைச் சொல்லியிருக்கும்போது மறுப்பதற்கு இவர் யார்?

தென்கரை:
பிளினியை நான் மறுக்கவில்லை. நீங்கள் அவரைப் படிக்கவில்லை என்கிறேன். பதவிச் சிறப்புகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடமுண்டு, சலாரியம் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். வீரனுக்கு உப்பை அளந்து கொடுத்ததாக அந்த வரியில் எங்கே இருக்கிறது? வீரனின் ஊதியத்துக்கு ஸ்டிபெண்டியம் என்று பெயர். அது காசாகவே கணக்கிடப்பட்டது. கி.பி. 14இல் பன்னோனியா என்ற உரோம மாகாணத்தில் கலகம் செய்த வீரர்கள், தங்கள் உடலும் உயிரும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ் காசுக்கு மதிப்பிடப்படுவதாகக் குமுறியதை உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பதினாறு ஆஸ் சேர்ந்தால் தெனாரியஸ் என்ற ஒரு வெள்ளிக்காசு என்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 225 தெனாரியஸ் ஆகிறது. பின்னர் பேரரசர் தொமீசியன் அதை 300 ஆக உயர்த்தினார். இந்தக் கணக்கில் உப்பு எங்கே?

வழிப்போக்கன்:
சலாரியம் என்ற சொல்லுக்குள் சால், அதாவது உப்பு, இருக்கிறதா இல்லையா? இதற்கு மட்டும் பதில் வேண்டும். உரோமிலிருந்து சபீனர் நாட்டுக்கு உப்புச் சென்ற சாலைக்கு வியா சலாரியா என்றே பெயர். சோல்ஜர் என்ற சொல்லும் உப்பிலிருந்து வந்ததுதான்.

தென்கரை:
சோல்ஜருக்கும் உப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓர் உரோமப் பவுண்டு பொன்னுக்கு 72 என்று அச்சிட்ட சோலிடஸ் நாணயத்தின் வழி வந்தது. பிரெஞ்சு சூவும், இத்தாலியர் பணத்துக்குச் சொல்லும் சோல்தியும், ஜெர்மானியர் படைக்கூலிக்குச் சொல்லும் ஸோல்ட்டும் அந்தக் குடும்பமே. சலாரியத்தில் உப்பு இருக்கிறது, அதை யார் இல்லையென்றது? காலணிக்கான படியைக் கல்கேயாரியம் என்றார்கள்; கிளாவாரியம், அதாவது ஆணிப்பணம், என்று பெயரிட்ட ஒரு நன்கொடையை வீரர்கள் வற்புறுத்திக் கேட்டதையும் டாசிட்டஸ் சொல்கிறார். அவர்களுக்கு ஆணியையா கூலியாகக் கொடுத்தார்கள்? பெயர்க்காரணம் வேறு, கையில் விழுந்த பொருள் வேறு.

பழைய வாசகி:
சலாரியம் என்பது கூலியா, படியா, மதிப்பூதியமா என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும். மாகாண ஆளுநருக்கு வழக்கமாகத் தரப்படும் சலாரியத்தை அக்ரிகோலா என்ற தளபதிக்குத் தொமீசியன் கொடுக்கவில்லை என்றும் டாசிட்டஸ் எழுதுகிறார். அங்கே பேசப்படுவது படைவீரனின் நாட்கூலி அல்ல.

வழிப்போக்கன்:
ஆளுநர்கள் கதை எனக்கு வேண்டாம், ஆணிக் கதையும் வேண்டாம். பிளினி உப்பு என்றார், நானும் உப்பு என்கிறேன். நம் தமிழிலும் சம்பா நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்தே சம்பளம் ஆயிற்று. இரண்டு நாகரிகங்கள் ஒரே வழியில் நடந்ததற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? சென்ற மாதமும் இதே தென்கரை என் கட்டுரையில் எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை.

தென்கரை:
அன்று எண்ணியவை பிழைகளே, இன்றும் அப்படியே கிடக்கின்றன. அளம் என்பது உப்பளம். உப்பு விளையும் இடமே தவிர அளந்து வாங்கும் பண்டம் அல்ல. வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்கான உணவுப்பொருள். இதைக் கண்டுகொள்ளாமல் சம்பாவைப் பிரித்து அளத்தை ஒட்டுவது சொல்லாராய்ச்சி ஆகாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: வீரனுக்கு உப்பை அளந்து கொடுத்ததாகச் சொல்லும் ஒரு பழைய இலத்தீன் வரியைக் காட்டுங்கள்.

வழிப்போக்கன்:
தமிழ்ச் சொல்லையும் வடமொழிக்குத் தாரைவார்த்தாயிற்றா? அப்படியானால் இனி சம்பளத்தைப் பற்றியே பேசுவோம்.

தென்கரை:
பேசலாம். அதற்கு முன் அந்த ஒரு வரி.

வழிப்போக்கன்:
பிளினி, 31ஆம் நூல்.