பழைய ஈம்ஸ் நாற்காலி: கழன்ற ரப்பரை எதை வைத்து ஒட்டுவது?

வணக்கம். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்த ஃபைபர்கிளாஸ் நாற்காலி ஒன்று வைத்திருக்கிறேன். இருக்கைக்கு அடியில் ஒட்டிய நான்கு ரப்பர் வட்டுகளில்தான் கால்களைத் திருகுவார்கள். அதனால் இருக்கையில் ஒரு துளைகூடக் கிடையாது. பின்பக்க இடது வட்டு மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. மற்ற மூன்றும் உறுதி.

கைவைத்த மாடல், யானைத்தோல் சாம்பல் நிறம். விளிம்புக்குள் கயிறு ஓடுவது தெரிகிறது. ஆக, 1950 வாக்கில் கலிஃபோர்னியாவின் கார்டினாவில் ஜெனித் பிளாஸ்டிக்ஸ் வார்த்த முதல் வகையாகத்தான் இருக்கும். மார்ச்சில் பாசடீனாவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு கிடந்ததை வாங்கினேன்.

முதலில் சூப்பர் குளூ போட்டேன், ஒரு நாள்கூட நிற்கவில்லை (அவசர புத்தி). அப்புறம் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, எபாக்சி கலந்து ஒட்டினேன். இரண்டு வாரம் தாங்கியது. சற்றே சாய்ந்தேன், 'டப்'. பசை ஃபைபர்கிளாஸில் அப்படியே இருக்கிறது, ரப்பர் பக்கம்தான் உரிகிறது. புது வட்டு கிடைக்கும், ஆனால் பழையதை விட மனமில்லை.

துளை போடாமல், கெட்டிப்பட்ட இந்தப் பழைய ரப்பரை நிலையாகப் பிடிக்கும் பசை எது?