தள்ளுபடிப் பெருங்கடைகள்: எதில் மிச்சம், எதில் நட்டம்? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கணக்குநோட்டு:

பெரிய தள்ளுபடிக் கடைகளில் வாங்குவது லாபமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்தப் பொருளை அங்கே வாங்குகிறோம், எதை வாங்காமல் திரும்புகிறோம், ஏன் என்று ஒவ்வொருவரும் விவரமாக எழுதினால் அனைவருக்கும் பயன்படும். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இக்கடைகளில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைவு எல்லாப் பொருளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாதந்தோறும் வாங்கும் சலவைத்தூள், பற்பசை, குளியல் சோப்பு போன்ற சில பொருள்களின் விலை நமக்கு மனப்பாடம். ஒரு கடை மலிவா இல்லையா என்பதை நாம் இவற்றை வைத்தே தீர்மானிக்கிறோம் என்பது கடைக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே, இத்தகைய பொருள்களைத் தனியாகப் பட்டியலிட்டு, போட்டிக் கடைகளில் அவை என்ன விலைக்குப் போகின்றன என்று தொடர்ந்து கண்காணித்து, அவற்றில் மட்டும் லாபத்தை ஏறக்குறைய விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சில நேரங்களில் அடக்க விலைக்கும் கீழே இறங்குகிறார்கள். விட்டதைப் பிடிக்கும் இடம் வேறு. பேட்டரி, சார்ஜர் ஒயர், துணி மாட்டும் ஹேங்கர், பரிசுப்பொருள் சுற்றும் தாள் ஆகியவற்றின் சரியான விலை நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நான் ஒப்பிட்டுப் பார்த்தவரை, இவை தெருமுனைக் கடையில் விற்கும் விலைக்கே அங்கும் கிடைத்தன. சில கூடுதலாகவும் இருந்தன.

அடுத்து, அலமாரியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு. பெரிய எழுத்தில் தெரிவது பொட்டலத்தின் விலை. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-இல் வந்த நெறிமுறை ஒன்று இந்த அலகு விலையைக் காட்டுவதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் உள்ள இடங்களிலும் குழப்பம் முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. சலவைத்தூள் வரிசை ஒன்றில் நான் கண்டது இது: ஒரு பொட்டலத்துக்கு 100 கிராம் கணக்கில் விலை, பக்கத்துப் பொட்டலத்துக்குக் கிலோ கணக்கில் விலை, திரவமாக வரும் மூன்றாவதற்கு ‘ஒரு சலவைக்கு’ இவ்வளவு என்று விலை. நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டபோது, ‘சிக்கனப் பொட்டலம்’ என்று மஞ்சள் பட்டை ஒட்டியிருந்த பெரியது, அதே நிறுவனத்தின் சிறியதைவிடக் கிலோவுக்குக் கூடுதலாக வந்தது. பெரிய பொட்டலம் மலிவாகத்தான் இருக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்ற துணிச்சல்தான் காரணம்.

பழைய அலமாரி:

இப்படிப்பட்ட கடை ஒன்றில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவன் நான். கணக்குநோட்டு ஐயா எழுதியது சரிதான். ஆனால் மலிவு முழுவதும் தந்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பெரும்பகுதி, வேலையைக் குறைப்பதால் வருவது.

சரக்கு வந்ததும் அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பெட்டியோடு அப்படியே அலமாரியில் ஏற்றிவிடுவோம். ஒவ்வொன்றாக எடுத்து அழகாக அடுக்கும் நேரம் மிச்சம். ஜெர்மனியின் ஆல்டி நிறுவனம் இதில் இன்னும் ஒரு படி மேலே போய், தன் சொந்தப் பெயரில் வரும் பொருள்களில் பட்டைக்குறியீட்டைப் பெரிதாகவும் பல பக்கங்களிலும் அச்சிடுகிறது. கல்லாவில் இருப்பவர் பொருளைத் திருப்பித் திருப்பிக் குறியீட்டைத் தேட வேண்டியதில்லை. நாணயம் போட்டால்தான் தள்ளுவண்டி பிரியும் என்ற ஏற்பாடும் அதே நோக்கம் உடையது: வண்டிகளைப் பொறுக்கி வர ஓர் ஆளை வைக்க வேண்டாம். ஒரே பொருளில் இருபது வகை வைக்காமல் ஒன்றிரண்டு வகையோடு நிறுத்திக்கொள்வதால், ஒவ்வொன்றிலும் கொள்முதல் அளவு பெரிதாகி, உற்பத்தியாளரிடம் விலை பேசும் பலம் கூடுகிறது. இந்த வணிக முறை நேற்று முளைத்ததும் அல்ல. 1962 என்ற ஒரே ஆண்டில் அமெரிக்காவில் கேமார்ட், டார்கெட், வால்மார்ட் மூன்றும் தத்தம் முதல் தள்ளுபடிக் கடையைத் திறந்தன. ஒரு பொருளில் கிடைக்கும் லாபம் சிறியதானாலும் சரக்கு வேகமாக நகர்ந்தால் போதும் என்பதே மூன்றின் கணக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறைக்கப்படும் வேலையில் எங்கள் வேலையும் உண்டு. இவ்வளவு பெரிய கூடத்தில் விவரம் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் கோபப்படுவார்கள். அந்த நேரத்தில் அங்கே மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவனே சரக்கும் இறக்கி, கல்லாவில் மணி அடித்தால் அங்கும் ஓடிக்கொண்டிருப்பேன். எந்த நாளில் எத்தனை மணி நேர வேலை என்பது கடைசி நேரத்தில்தான் தெரியவரும்.

உள்ளிருந்து கற்ற இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். வரிசையின் முனையில் தனியாக, தரையிலிருந்து குவித்து வைத்திருக்கும் சரக்கு விலை குறைந்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்துக்கு உற்பத்தியாளர் பணம் கொடுத்திருக்கலாம். உண்மையான விலைக் கழிவு, பெட்டி நசுங்கியதற்கும், காலாவதித் தேதி நெருங்கியதற்கும், பருவம் முடிந்ததற்கும் கையால் ஒட்டும் சீட்டில்தான் இருக்கும். அதை ஒட்டும் நேரம் ஒவ்வொரு கடையிலும் பெரும்பாலும் மாறாமல் இருக்கும் என்பதால், பணியாளரிடம் பணிவாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மொத்தக்கொள்முதல்:

ஆண்டுக் கட்டணம் செலுத்தி உள்ளே நுழையும் கிடங்குக் கடைகளைப் பற்றி நான் எழுதுகிறேன். அவற்றின் கணக்கு வேறு. அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், வெளி நிறுவனப் பொருள்களில் 14 விழுக்காட்டுக்கும், தன் சொந்தப் பெயரில் விற்பவற்றில் 15 விழுக்காட்டுக்கும் மேல் கொள்முதல் விலையோடு சேர்ப்பதில்லை என்ற வரம்பை அது நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. கடையை நடத்தும் செலவு போக மிஞ்சும் இயக்க லாபத்தின் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது. அதாவது, கடைக்கு வேண்டிய லாபத்தை நாம் வாசலிலேயே கொடுத்துவிடுகிறோம். உள்ளே நம்மைப் பொருள்வாரியாகக் கறக்கும் அவசியம் அதற்குக் குறைவு. ஆகவே, ‘விட்டதை வேறு அலமாரியில் பிடிப்பார்கள்’ என்ற கணக்குநோட்டு நண்பரின் கருத்து இவ்வகைக் கடைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

ஆனால் இங்கே ஆபத்து அளவில் இருக்கிறது. துடைப்புத்தாள், குப்பைப் பை போன்றவை கெடுவதில்லை. இடம் இருந்தால் எவ்வளவும் வாங்கலாம். குழந்தைகளுக்கான டயாபரை அப்படி வாங்கி அடுக்கினால், பாதிப் பொட்டலம் தீர்வதற்குள் குழந்தை அடுத்த அளவுக்கு வளர்ந்துவிடும். ப்ளீச் திரவம் பெரிய கலனில் மலிவுதான். மாதங்கள் செல்லச் செல்ல அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும் என்பதால், அடியில் இருப்பதை இரு மடங்கு ஊற்ற வேண்டியிருக்கும். வெயில் தடுப்புக் களிம்புக்குத் தேதி உண்டு. என் நாத்தனாரும் நானும் ஒரே உறுப்பினர் அட்டையில் வாங்கி, வாகனம் நிறுத்துமிடத்திலேயே ரசீதைப் பார்த்துப் பங்கு பிரித்துக்கொள்கிறோம். அப்படிப் பிரித்துக்கொள்ள ஆள் இல்லாத சிறு குடும்பத்துக்கு, கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பெரிதாக இருக்காது. இன்னொன்று: வீட்டில் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் கை தாராளமாகிவிடுகிறது. துடைப்புத்தாள் விஷயத்தில் இதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

மாடல்எண்:

சிறு தகவல் ஒன்று. பெரிய விற்பனைத் திருநாள்களில் தொலைக்காட்சி வாங்குவோர், பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணை எழுத்து விடாமல் பாருங்கள். பெரிய சங்கிலிக் கடைகளுக்காகவே சில நிறுவனங்கள் தனி மாடல்களைச் செய்து கொடுக்கின்றன. பெயரும் திரையின் அளவும் நாம் விளம்பரத்தில் பார்த்தவைதான். எண்ணின் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும். சென்ற முறை நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து விவரப் பட்டியலை ஒப்பிட்டபோது, கழிவு விலையில் இருந்ததில் வெளிக் கருவிகளை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளைகள் குறைவாக இருந்தன. திரையின் புதுப்பிப்பு வேகமும் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பது) பாதிதான். வாங்கக் கூடாத பொருள் என்று சொல்லமாட்டேன், அந்த விலைக்கு அது தகும். ஆனால் அதைவிட உயர்ந்த ஒன்று விலை குறைந்து வந்திருக்கிறது என்று எண்ணி வாங்குவது தவறு. ‘வேறெங்காவது இதைவிட மலிவாக இருந்தால் அதே விலைக்குத் தருகிறோம்’ என்ற வாக்குறுதியும் இங்கே செல்லாது, ஏனெனில் அந்த எண்ணுள்ள பெட்டி வேறெங்கும் விற்பனைக்கே இருக்காது.

வண்டியில்லாதவள்:

இவ்வளவு பேர் எழுதியும், பயணச் செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே! இக்கடைகள் நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்ப்புறத்தில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. சொந்த வாகனம் இல்லாத எனக்குப் போகவரப் பேருந்து, சுமை அதிகமானால் வாடகை வண்டி என்று ஆகிவிடுகிறது. வாகனம் உள்ளவர்களும் எரிபொருளையும் அரை நாளையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் கனமில்லாத, விலை கூடிய பொருள்களுக்கு மட்டும் அங்கே போகிறேன்; மற்றவை பக்கத்துக் கடையில்தான்.

சிறுஉற்பத்தி:

நான் இந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பக்கத்தில் இருப்பவன். துடைப்பம், தூரிகை முதலிய வீட்டுப் பொருள்களைச் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. ஒரு சங்கிலி நிறுவனத்தின் ஆணை கிடைத்தால், ஆண்டு முழுவதும் இயந்திரம் நிற்காது. மூலப்பொருளை மொத்தமாக வாங்கலாம். வங்கியும் கடன் கொடுக்கத் தயங்காது. இது பெரிய நன்மை, மறுக்கமாட்டேன். ஆனால் பணம் வந்துசேர மாதங்கள் ஆகும். வந்த பின்னும், விளம்பரச் செலவில் பங்கு, விற்காத சரக்குக்குப் பிடித்தம், தாமதமாக வந்ததற்கு அபராதம் என்று கழித்துக்கொண்ட தொகைக்கான பட்டியலும் கூடவே வரும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று கடை அறிவிக்கும்போது, அந்த இரண்டாவது தூரிகையின் விலை பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

இது எங்கள் ஒருவர் புலம்பல் அல்ல. பிரிட்டனில் பெரும் மளிகைச் சங்கிலிகளுக்கும் அவற்றுக்குச் சரக்குக் கொடுப்போருக்கும் இடையிலான நடத்தையைக் கண்காணிக்க 2013-இல் சட்டப்படி ஒரு நடுவரையே நியமித்தார்கள். டெஸ்கோ நிறுவனம் சரக்குக் கொடுத்தோருக்கான பணத்தைத் தாமதப்படுத்தி விதிகளைக் கடுமையாக மீறியது என்று அந்த நடுவர் 2016-இல் தீர்ப்பளித்தார். வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒரே பதில் இல்லை. வால்மார்ட் நுழைந்த வட்டாரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்களில் எமெக் பாஸ்கர், சில்லறை வணிக வேலைகள் சற்றுக் கூடின என்று 2005-இல் எழுதினார். டேவிட் நியூமார்க்கும் அவருடைய சகாக்களும், ஒரு வால்மார்ட் பணியாளர் வேறு 1.4 பணியாளர்களின் இடத்தைப் பிடிக்கிறார் என்று 2008-இல் எழுதினார்கள். பழைய அலமாரி நண்பர் மூன்று பேர் வேலையைத் தாம் ஒருவரே பார்த்ததாக எழுதியதைப் படித்தபோது, எனக்கு இரண்டாவது முடிவின் மீது நம்பிக்கை கூடியது.

கணக்குநோட்டு:

மொத்தக்கொள்முதல் அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். கட்டணம் வாங்கும் கிடங்குக் கடைகளை நான் மற்றவற்றோடு சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் அங்கும் வரிசைகளுக்கு மேல் பெயர்ப்பலகை வைக்காமல், தேடும் சாக்கில் நம்மைக் கூடம் முழுவதும் சுற்றவிடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருப்பார்.

பழைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலை எழுதியிருப்பதை நம்பலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அடிக்கப்பட்ட விலையில் அந்தப் பொருள் எப்போதாவது விற்றதா என்பதே அங்கே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல், கழிவு அறிவிக்கும் கடை முந்தைய 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். இத்தகைய விதி இல்லாத இடங்களில் நமக்குத் துணை பழைய ரசீதுகள்தான். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், நான் வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, கடையின் பெயரிட்ட கோப்பில் போட்டுவிடுகிறேன். அடுத்த முறை அலமாரியின் முன் நிற்கும்போது அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.