வாரண்டியில இருக்கிற லேப்டாப் கொதிக்குது, என்ன பண்றது?

கேள்வி:
புது லேப்டாப்ங்க, நாலு டேப் திறந்தாலே கீபோர்டுல கை வைக்க முடியல, சர்வீஸ் சென்டர்ல தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்கு கடத்துற பசை) மாத்தி குடுத்தாங்க, திரும்பவும் அப்படியேதான் இருக்கு, இதே மாடல் வச்சிருக்கிற நிறைய பேருக்கு இந்தப் பிரச்சனை இருக்காம். மாத்தி வாங்க முடியுமா?

பதில்:
ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO, உள்ள எவ்வளவு சூடுன்னு காட்டுற சாஃப்ட்வேர்) போட்டு பாருங்க. ப்ராசஸர்ல ஒரு கோர் மட்டும் 100 டிகிரி தொட்டு மத்த கோரெல்லாம் 75ல நின்னா பெரும்பாலும் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் துண்டு) ப்ராசஸர் மேல சரியா உக்காரல. கூலிங் பேட் வாங்கி காசை கரியாக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டோட மெயில்லயே கம்ப்ளைன்ட் பண்ணுங்க, சர்வீஸ் சென்டர்ல குடுத்த ஜாப் ஷீட்டெல்லாம் (என்ன வேலை பண்ணாங்கன்னு எழுதின சீட்டு) பத்திரமா வச்சுக்கோங்க.

பதில்:
1915க்கு கூப்பிடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் அசையலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்தான், பொருளுக்கு குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமயே போடலாம், ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும்.

பதில்:
பேட்டரி உப்பியிருக்கான்னு முதல்ல பாருங்க, டச்பேட் தூக்கிட்டு இருந்தா தயவுசெஞ்சு சார்ஜ் போடாதீங்க.