பழைய பஸ்ஸின் பின்சக்கர ரப்பர்: புதிதாகப் போடுவதா, கழற்றியே விடுவதா?

நூலகவண்டி, தக்கலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்காக ஒரு பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி நடமாடும் நூலகமாக மாற்றியிருக்கிறோம். அசோக் லேலண்ட் சேசிஸ், பாடி தனிப் பட்டறையில் கட்டியது. டயர் 10.00-20, பின்னால் இரட்டைச் சக்கரம். இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் புத்தக அலமாரி வைத்தாயிற்று. ஆர்.சி.யில் மாற்றத்தையும் முறையாகப் பதிந்துவிட்டோம்.

பிரச்சினை பின்சக்கரத்தில். சக்கரத்துக்கு மேலே பாடியில் வளைவாக வெட்டிய வீல் ஆர்ச்சின் வெளிவிளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு ரப்பர் தொங்குகிறது. மேலே அலுமினியப் பட்டை வைத்து ஸ்குரூவும் ரிவெட்டுமாக அடித்திருக்கிறார்கள். உள்ளேயும் ஒரு ரப்பர் திரை உண்டு. டயருக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் நடுவில் இருப்பது. வெளி ரப்பர் முழுக்க வெடித்து, ஸ்குரூத் துளைகளில் கிழிந்து, இடது பக்கம் பாதி தொங்குகிறது. கொஞ்சம் வேகம் எடுத்தாலே பாடியில் அடிக்கிறது.

மழையில் குளச்சல் பக்கம் போய்வந்தால் சக்கரத்துக்கு மேலே உள்ள அடித்தட்டில் ஈரம். குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்கேதான் படப்புத்தகங்களை அடுக்கியிருக்கிறோம். அந்த வழவழப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும்.

ஒரு பட்டறையில் ரப்பரே வேண்டாம், கழற்றிப் போடுங்கள் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் புது ரப்பர் போட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்கிறார்கள். ஆனி மழை வலுக்கும் முன்னால் முடிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடலோர டிங்கர், குளச்சல்

தம்பி, ரப்பர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் சிலதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வெளி ரப்பரை மடக்கிப் பாருங்கள். இறுகிப்போய் ஒடிகிறதா, பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறதா? உள் திரையையும் அதே மாதிரி பாருங்கள். அப்புறம் அலுமினியப் பட்டையின் ஓரமாகத் தகட்டை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. சத்தம் அமுங்கினால் அங்கே நுனியை வைத்து அழுத்துங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம். அடித்தட்டைக் கழற்றிவிட்டு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே இருந்து ஓஸில் சக்கரக் குழிக்குள் தண்ணீர் அடிக்கட்டும். கீழே தொடங்கிப் பைய மேலே ஏற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் ஓட்டை எது என்று தெரியாது.

நூலகவண்டி, தக்கலை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே பார்த்தோம். வெளி ரப்பர் இறுகியிருக்கிறது, மடக்கினால் விண்டு வருகிறது. உள் திரை வீங்கி அலையலையாக இருக்கிறது, தொட்டால் கை கறுப்பாகிறது. இடது பட்டையின் முன்பக்கக் கீழ்முனையில் ஸ்குரூடிரைவர் தகட்டுக்குள் இறங்கிவிட்டது.

பட்டையைக் கொஞ்சம் நெம்பினால் ரப்பருக்குப் பின்னாலிருந்து கை நிறையக் கருமணல் கொட்டியது. மணவாளக்குறிச்சி ரோட்டில் காற்று அள்ளிப்போடுமே, அதே மணல். வெளியே எல்லாம் காய்ந்திருக்கும்போது அது மட்டும் ஈரமாக இருந்தது.

தண்ணீர் கசிந்தது வேறு இடத்தில். சக்கரத்தை உள்பக்கம் மூடும் வீல் பாக்ஸ் தகடும் தரைத் தகடும் சேரும் மூலையில் பழைய பட்டி (இடுக்கை அடைக்கும் பூச்சு) விட்டுப்போயிருக்கிறது. ஓஸ் அங்கே வந்ததும் உள்ளே சொட்ட ஆரம்பித்தது. வெளி ரப்பர் நன்றாக இருக்கும் வலது பக்கத்திலும் அதே மூலையில் லேசான கசிவு.

இன்னொன்று: பழைய ஓட்டுநரிடம் கேட்டோம். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அடியில் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பது வழக்கமாம்.

கடலோர டிங்கர், குளச்சல்

அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. உங்கள் புத்தகத்தை நனைப்பது ரப்பர் இல்லாத குறை இல்லை, மூலையில் விட்டுப்போன பூச்சு. அந்த ரப்பர் சேற்றின் வேகத்தைத் தடுக்கும், தண்ணீரை அடைக்காது. நீங்கள் எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் அந்த மூலை ஒழுகத்தான் செய்யும்.

இரண்டு ரப்பருக்கும் வேறு வேறு நோய். வெளியில் இருப்பது வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் இறுகி வெடித்தது. உள்ளே இருப்பது ஆயில் குடித்து வீங்கியது. அடியில் ஆயில் அடித்தால் இரும்புக்குக் கொஞ்சநாள் காவல்தான், ஆனால் பக்கத்தில் இருக்கும் ரப்பரைத் தின்றுவிடும். இனி அந்த வழக்கம் வேண்டாம்.

மூன்றாவது நோய்தான் பெரியது. நம் கடற்கரை ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரப்பரின் பின்பக்கம் உப்பு மணல் தங்கும். வெயில் படாது, காற்றுப் படாது, மழை நின்ற பிறகும் காயாது. அலுமினியப் பட்டையில் இரும்பு ஸ்குரூ போட்டிருப்பதால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பட்டையைத் தள்ளும். அந்த இடைவெளியில் இன்னும் மணல் போகும். ஆகவே இரண்டு பக்கமும் முழுவதையும் கழற்றுங்கள். திரும்பப் போடுவதா என்பதைத் தகட்டைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கழற்றும்போது: சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது, குதிரை (வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட்) வைத்துத் தாங்கிய பிறகுதான் வெளி டயரைக் கழற்ற வேண்டும். ஸ்குரூக்களுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். தலை தேய்ந்த ஸ்குரூவோடு மல்லுக்கட்ட வேண்டாம், கிரைண்டரில் தலையைச் சீவிவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. ரிவெட்டுக்கு அதன் தண்டு அளவு பிட் போதும். 4.8 மி.மீ. ரிவெட் என்றால் 5 மி.மீ. பிட்டால் தலையைத் துளைத்து, மீதியைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் உள்ளே விழுந்துவிடும். பெரிய பிட் போட்டால் துளை பெரிதாகி அடுத்த போல்ட் நிற்காது.

வெல்டிங் இருந்தால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து வயர், டீசல் குழாய், ஏர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். உள்ளே புத்தகம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

மார்த்தாண்டத்துக்காரன்

குறுக்கே ஒரு சந்தேகம். நம் குமரி மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? எங்கள் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு ஷீட் கிடக்கிறது. அதையே வெட்டிப் போட்டால் என்ன?

பால்வெட்டு, குலசேகரம்

மக்கா, அது ஆகாது. நாம் உறைய வைத்துப் புகைபோடும் ஷீட் கச்சா ரப்பர். கந்தகம் சேர்த்துச் சூட்டில் வேகவைத்தால்தான் அதற்கு நிலையான உறுதி வரும். வேகாத ஷீட்டை வண்டியில் மாட்டினால் சித்திரை வெயிலில் இளகித் தொங்கிவிடும்.

வேகவைத்த இயற்கை ரப்பருக்குக் கிழியாத குணம் நிறைய உண்டு. டயருக்கு அதனால்தான் அது வேண்டியிருக்கிறது. ஆனால் ஓசோனுக்கு அது ஆகாது. வளைந்தும் இழுபட்டும் இருக்கும் இடத்தில் முதலில் வெடிக்கும். எங்கள் தோட்டத்துச் சரக்கு என்பதற்காக நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெளிப்பக்கத்துக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் ஷீட் கேளுங்கள். வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். ஆயில் பட்டால் மட்டும் வீங்கும். உள் திரை ஆயில் படும் இடம் என்பதால் அங்கே நியோப்ரீன் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் நல்லது. இரண்டிலும் நடுவில் துணி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். துணி இல்லாத ஷீட் ஸ்குரூத் துளையில் இழுபட்டுக் கிழியும்.

காசு இடிக்கிறது என்றால் உள் திரைக்கு கல் உடைக்கும் கிரஷரில் கழிக்கும் கன்வேயர் பெல்ட் கிடைக்கிறதா பாருங்கள். கனம் அதிகம், ஆனால் கல்லடி தாங்கும். வெட்டின ஓரத்தில் துணி வெளியே தெரியும், அது தண்ணீரை உறிஞ்சும். பஞ்சர் கடையில் கிடைக்கும் ரப்பர் சொல்யூஷனை அந்த ஓரத்தில் இரண்டு தடவை பூசிவிடுங்கள். வெளிப்பக்கத்துக்குக் கன்வேயர் பெல்ட் வேண்டாம், அந்தக் கனத்தைப் பட்டை தாங்காது.

கல்லூரிப் பஸ் ஓட்டுநர், நாகர்கோவில்

ஓட்டுகிறவன் பார்வையில் சொல்கிறேன். வெளி ரப்பரைத் திரும்ப மாட்டவே வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன்னால் வீல் நட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், உள் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ரப்பர் தொங்கினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் குனிய மாட்டார்கள். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று இறங்கினால் வெளி டயர் சுமை முழுவதையும் வாங்கிச் சூடாகும், ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ரோட்டோரத்தில் பஞ்சர் ஆனாலும் அந்த ரப்பரை மடக்கிப் பிடிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்றாலை சுற்றும் காற்று அது, பக்கவாட்டில் வண்டியையே தள்ளும். அகலமான ரப்பர் அங்கே விடாமல் படபடக்கும். ஸ்குரூத் துளையில் கிழிசல் தொடங்குவது அப்படித்தான்.

ஸ்கூட்டரில் வருகிறவள், திங்கள்சந்தை

அண்ணன் சொல்வது பஸ்ஸுக்குள் இருப்பவருக்குச் சரி. நான் தினமும் மழையில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறேன். பின்சக்கரத்தில் ஒன்றும் இல்லாத பஸ் ஒரு குழியில் இறங்கினால் சேற்றுத் தண்ணீர் அப்படியே ஹெல்மெட் கண்ணாடியில் வந்து அடிக்கும். ஒரு நொடி ரோடு தெரியாது. பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு நொடி போதும்.

நூலக வண்டி நிற்கிற இடமெல்லாம் குழந்தைகள் சுற்றி நிற்பார்கள், சைக்கிளில் கூடவே வருவார்கள். முழுவதும் எடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து ஏதாவது ஒரு தடுப்பு வையுங்கள்.

கடலோர டிங்கர், குளச்சல்

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வெளியே ஒரு சாண் வேண்டாம், 10 செ.மீ. போதும். ஆர்ச்சின் விளிம்பிலிருந்து அவ்வளவுதான் கீழே வர வேண்டும். நட்டும் தெரியும், பக்கவாட்டில் தெறிப்பதும் குறையும். டயருக்குப் பின்னால் தொங்கும் மட் ஃபிளாப்பில் கை வைக்க வேண்டாம், அது கட்டாயம் இருக்க வேண்டும்.

பட்டையைக் கீழ்முனை வரை கொண்டுபோகாதீர்கள். இரண்டு முனையிலும் ஐந்து விரல்கடை விட்டு நிறுத்தினால் மணல் தானாக விழும், மாதம் ஒருமுறை ஓஸ் அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ரப்பரில் துளையைப் பஞ்ச் வைத்து வட்டமாக எடுங்கள். கத்தியால் கீறினால் அந்தக் கீறலின் மூலையிலிருந்தே கிழியும். ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள். தகட்டுத் துளையில் பிரைமரைத் தொட்டு வைத்து, அது காய்வதற்கு முன்னால் போல்ட்டைப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் துளையின் உள்விளிம்பும் மூடும்.

மூலைக்கு பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட். பாத்ரூமுக்கு அடிக்கிற, புளிப்பு வாசம் வரும் சிலிக்கானை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், மேலே பெயின்டும் ஒட்டாது.

நூலகவண்டி, தக்கலை

வேலை முடிந்தது. பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பட்டையை எடுத்தபோது இடது பக்கம் முன்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு இல்லை, வெறும் பெயின்ட்தான் நின்றுகொண்டிருந்தது. கைவைத்ததும் உதிர்ந்துவிட்டது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்தார்கள். வலது பக்கம் மேல் துரு மட்டும்தான். சுரண்டிவிட்டு, துருவை மாற்றும் திரவம் அடித்தது போதுமானதாக இருந்தது. இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர், பெயின்ட், மூலையில் உள்ளேயும் வெளியேயும் பி.யு. சீலன்ட். அது காய்ந்த பிறகு ரப்பர் போடுவதற்கு முன்னாலேயே ஓஸ் சோதனை செய்தோம். வெறும் ஆர்ச்சிலேயே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

வெளியே 4 மி.மீ. துணி வைத்த ஈ.பி.டி.எம்., 10 செ.மீ. அகலம். உள் திரைக்குக் கன்வேயர் பெல்ட் கிடைத்தது. பழைய ரப்பர் சுருங்கிக் கோணியிருந்ததால் அதை அளவாக வைக்கவில்லை, ஆர்ச்சின் மேலேயே அட்டையை வைத்து வரைந்து வெட்டினோம். திங்கள்சந்தை அக்காவுக்குத் தனி நன்றி. மழையில் ஒருவரைப் பைக்கில் பக்கத்திலேயே வரச் சொல்லிப் பார்த்தோம், தண்ணீர் கால் மட்டத்துக்கு மேலே ஏறவில்லை.

ஒரே சந்தேகம். புத்தகம் முழுக்க ஏற்றிய பிறகு வளைவில் டயர் ரப்பரைத் தொடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேச்சிப்பாறை ரோட்டில் வளைவு அதிகம்.

கல்லூரிப் பஸ் ஓட்டுநர், நாகர்கோவில்

கொள்ளாம், நல்ல வேலை. டயரின் வெளிப்பக்கச் சுவரிலும் தோளிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, முழுச் சுமையோடு பேச்சிப்பாறை வரை ஒருமுறை போய்வாருங்கள். காய்ந்த ரோட்டில் போக வேண்டும். ரப்பரின் உள்பக்கம் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல்கடை வெட்டிவிடுங்கள். உள் திரையையும் பார்க்க மறக்க வேண்டாம், கன்வேயர் பெல்ட் உரசினால் டயர்தான் தேயும்.

கடலோர டிங்கர், குளச்சல்

ரப்பர் அமுங்கி உட்காரும், போல்ட் தானாகத் தளரும். ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். ரப்பர் பட்டைக்கு வெளியே பிதுங்கும் அளவுக்கு வேண்டாம்.

நூலகவண்டி, தக்கலை

சரி அண்ணாச்சி, அப்படியே செய்கிறோம். பேச்சிப்பாறை போய்வந்தோம், வலது பக்கம் பின்மூலையில் மட்டும் கோடு விழுந்திருந்தது, வெட்டியாயிற்று. ஆர்ச் அளவு எடுத்த அட்டை பத்திரமாக இருக்கிறது. இதே சேசிஸில் பள்ளி வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் தக்கலை வந்து வாங்கிக்கொள்ளலாம், வெட்டுவதற்கு முன்னால் உங்கள் ஆர்ச்சில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.