ஷிப்ட் வேலை, ஒரே டைமர்: தொட்டிச்செடிகளுக்குத் தண்ணீர் பிரிப்பது எப்படி?

வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், வேலை பாலம் தாண்டி பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில். 12 மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. பாலத்து நெரிசலையும் சேர்த்தால் செடிப்பக்கம் போகவே நேரமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, வாளி தூக்கச் சொல்ல மனம் வராது.

வாசலில் இருப்பவை எல்லாம் தொட்டிச்செடிகள்: கறிவேப்பிலை, மிளகாய், துளசி, பாண்டான் (ரம்பை). மேற்குப் பார்த்த வீடு, மதியத்துக்கு மேல் வெயில் கொளுத்தும். தைப்பூசம் முடிந்த வறட்சியில் குழாயில் பேட்டரி டைமர் மாட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்தேன். காலையும் மாலையும் 10 நிமிடம். அப்போது நன்றாகவே இருந்தது. ஏப்ரலில் மழை தொடங்கியதும் கறிவேப்பிலையின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மண் எப்போதும் சொதசொத. சரி என்று மாலைத் தண்ணீரை நிறுத்தினால், மழை இல்லாத நாளில் மிளகாய் துவண்டு விடுகிறது. பாண்டானுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை, அது எதையும் தாங்கும்.

தேங்காய் நார் கலந்து மண் மாற்றியும் பார்த்தாகிவிட்டது. அடியில் தட்டு வைத்து நீர் தேக்கும் யோசனை வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிடும், சோதனைக்கு வந்தால் அபராதம்.

இந்த ஒரே குழாய், ஒரே டைமரை வைத்து, கறிவேப்பிலைக்குக் குறைவாகவும் மிளகாய்க்கு அதிகமாகவும் தண்ணீர் போக எப்படிப் பிரிப்பது?